பட்டு எடுத்தவளும் பத்திரம் போட்டவனும்

சென்னை தி.நகரில் பனகல் பூங்காவைச் சுற்றியிருக்கும் பட்டுக்கடை ஏதாவது ஒன்றில் ஒரு பெண்மணி புடவை எடுப்பதை ஓரமாக நின்று கவனித்தால், வீடு வாங்குவது எப்படி என்று காசு செலவில்லாமல் கற்றுக்கொள்ளலாம். மடித்து வைத்த புடவையை அவர் நம்ப மாட்டார். முழுக்கப் பிரிக்கச் சொல்வார். கடை விளக்கை நம்ப மாட்டார். வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் பார்ப்பார். ஜரிகையைத் திருப்பிப் போட்டு நகத்தால் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். "கடைசிப் பீஸ்மா, இப்பதான் ஒருத்தங்க கேட்டுட்டுப் போனாங்க" என்று விற்பனையாளர் சொல்லிவிட்டால் போச்சு, அடுத்த கடைக்குப் படியிறங்கிவிடுவார். இத்தனையும் பன்னிரண்டாயிரம் ரூபாய்ச் சரக்குக்கு.

அப்பேர்ப்பட்ட ஒருத்தியின் கணவனாகிய நான், ஒரு கோடியே பத்து லட்சம் விலை சொன்ன ஃப்ளாட்டைப் பார்க்கப் போனபோது செய்த ஒரே பரிசோதனை, குளியலறைக் குழாயைத் திறந்து மூடியது. தண்ணீர் வந்தது. "நல்லா இருக்கே" என்றேன். தரகர் என்னை அந்த நிமிஷமே எடை போட்டுவிட்டார். "சார் பார்ட்டி ரெடியா இருக்கு, நீங்க சரின்னா டோக்கன் அட்வான்ஸ் போட்டுடலாம்" என்றார். என் கை சட்டைப்பைக்குப் போனது. என் மனைவி என் கையைப் பார்த்தாள். கை திரும்பி வந்தது.

தி.நகர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவன் நான். இங்கேயே வாடகைக்கு இருந்து பழகிவிட்டேன். தவிர, விசிட்டிங் கார்டில் 600017 என்று போட்டுக்கொள்ள ஓர் ஆசை. இதுவரை என்னிடம் யாரும் விசிட்டிங் கார்டு கேட்டதில்லை என்பது வேறு விஷயம். இந்த ஆசையின் விலை என்ன என்று தெரிய வேண்டுமானால், மாம்பலம் ரயில் நிலையத்தின் படியேறி மேற்குப் பக்கம் இறங்குங்கள். தண்டவாளத்துக்கு அந்தப்புறம் 600033. விலை இறங்கும், காய்கறி மலியும், கோயில்கள் கூடும். தரகர்கள் மட்டும் அந்தப் பக்கத்தையும் "தி.நகர்தான் சார்" என்பார்கள். அவர்கள் அகராதியில் கோடம்பாக்கம், சைதாப்பேட்டை எல்லாமே தி.நகர்; எல்லாமே ரங்கநாதன் தெருவுக்கு நடந்து போகிற தூரம். நிதானமாக யோசிக்கிறவர்கள் மேற்கு மாம்பலத்திலேயே வாங்கிவிடுவார்கள். நான் நிதானமாக யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

இந்தப் பேட்டையின் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே ஓர் அடிகூட வாங்கக் கூடாது. நூறு வருஷத்துக்கு முன்னால் இது ஏரி. 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியின்போது ஏரியைத் தூர்த்து மனை போட்டார்கள். பிட்டி தியாகராயர் பெயர் நகருக்கு. பனகல் அரசர், நடேச முதலியார் பெயர்கள் பூங்காக்களுக்கு. உஸ்மான், டாக்டர் நாயர் பெயர்கள் சாலைகளுக்கு. பாண்டி பஜார் என்று நாம் சுருக்கிவிட்டது சௌந்தரபாண்டியனார் அங்காடி. தெருப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் ஒரு கட்சியின் செயற்குழுக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த மாதிரி ஆகிவிடும். மனை பிரித்தவர்கள் எல்லாருக்கும் தகவல் சொன்னார்கள், ஏரியைத் தவிர. அது மழைக்காலத்தில் பழைய இடத்தைத் தேடி வருகிறது. 2021 நவம்பரில் மாம்பலம் கால்வாய் நிரம்பி, தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது.

நாங்கள் பார்த்த கட்டடத்தில் வெள்ளம் வந்ததா என்று தரகரிடம் கேட்டேன். "ஒரு சொட்டு நிக்காது சார், ஸ்லோப் அப்படி" என்றார். நான் திருப்தியாகத் தலையாட்டினேன். என் மனைவி படிக்கட்டுக்கு அடியில் இருந்த மின்சார மீட்டர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீட்டர்கள் நெஞ்சுயரத்தில் இருந்தன. அதற்குக் கீழே, முழங்கால் உயரத்தில், சுவரில் நாலு ஆணித் துளை; அவற்றைச் சுற்றிப் பலகை அளவுக்குப் பழைய சுண்ணாம்பு நிறம். "ஏங்க, மீட்டரை எதுக்கு மேல ஏத்தியிருக்காங்க?" என்றாள். தரகர் போன் வந்ததுபோல் நகர்ந்தார். வாட்ச்மேன்தான் தொடையில் கை வைத்துக் காட்டினார், அந்த வருஷம் எதுவரை வந்தது என்று.

ஆகவே பட்டுக்கடைப் பாடம்: சரக்கை வெளிச்சத்தில் பாருங்கள். தி.நகரைப் பொறுத்தவரை வெளிச்சம் என்பது இரண்டு. ஒன்று, ஐப்பசி அடைமழை. இன்னொன்று, தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தரகர் எந்த வீட்டையும் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குத்தான் காட்டுவார். அப்போது தெருவில் ஒரு மாடும் இளநீர் வண்டியும் மட்டும் இருக்கும். "இவ்வளவு அமைதியா!" என்று நான் பூரித்துப் போன தெருவுக்கு, மனைவியின் யோசனைப்படி தீபாவளி ஞாயிறன்று மறுபடி போனோம். தெருமுனையில் தடுப்பு வேலி. "வண்டி உள்ள போகாது" என்றார் காவலர். வீடு பார்க்கப் போகிறோம் என்றேன். "பர்ச்சேஸ் முடிச்சுட்டு நடந்து போய்ப் பாருங்க சார்" என்றார், நான் ஜவுளி வாங்க வந்து பொய் சொல்கிறேன் என்று நினைத்து. வீட்டை அன்றைக்குப் பார்க்கவே முடியவில்லை. கூட்டத்தோடு தள்ளப்பட்டு, நான் கேட்காத இரண்டு பனியன்களோடு பேருந்து நிலையத்தருகே கரையொதுங்கினேன். 2023-ல் திறந்த ஆகாய நடைபாலம் மாம்பலம் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம்வரை 570 மீட்டர் நீளம். மேலே ஏறி நின்றால், கீழே நாம் வாங்கப் போகிற அமைதியின் உண்மையான அளவு தெரியும்.

அடுத்தது அளவு. ஆயிரம் சதுர அடி என்றார்கள். நான் டேப் பிடித்து அளந்ததில் எழுநூற்று நாற்பது வந்தது. பழக்கமில்லாத கை என்பதால் டேப்பைச் சந்தேகித்தேன், மகன் அளந்தான், அதே எழுநூற்று நாற்பது. மீதி எங்கே என்று கேட்டபோது, படிக்கட்டு, நடைபாதை, லிஃப்ட், வாட்ச்மேன் அறை எல்லாவற்றிலும் எனக்குப் பங்கு உண்டு என்று விளக்கினார் தரகர். "லிஃப்ட் ஓடலையே?" என்றேன். "ஓடலைன்னாலும் இடம் இருக்குல்ல சார்" என்றார். இதற்குப் பெயர் சூப்பர் பில்ட்-அப். 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, கார்ப்பெட் ஏரியா என்று ஒன்றை வரையறுத்திருக்கிறது: உட்சுவர்கள் உள்பட, வீட்டுக்குள் உங்களுக்குப் பயன்படும் தளம், வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. புதுக் கட்டடம் வாங்குகிறவர்கள் விலையை இந்த அடியால் வகுத்துப் பாருங்கள். 500 சதுர மீட்டர் மனைக்கோ எட்டு வீட்டுக்கோ மேற்பட்ட திட்டமென்றால் ரெரா பதிவு கட்டாயம். பதிவு எண்ணை விளம்பரத்தில் நம்பாமல் ஆணையத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. கட்டுமானக் குறை தென்பட்டால், ஒப்படைத்ததிலிருந்து ஐந்து வருஷம்வரை கட்டியவர்தான் சரிசெய்து தர வேண்டும். எங்களைப்போல் பழைய ஃப்ளாட் வாங்குகிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. எங்களுக்கு டேப்தான்.

ஆனால் சுவரும் தரையும் டைல்ஸும் இரண்டாம்பட்சம். அவை தேயும், கசியும், ஒருநாள் இடிபடும். தி.நகரில் நீங்கள் காசு கொடுப்பது மண்ணுக்கு, அதாவது யு.டி.எஸ். என்கிற பிரிக்கப்படாத பாகத்துக்கு. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் நாளில் உங்கள் கையில் இருப்பது அந்தப் பாகம் மட்டும்தான். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்று 2022-ம் வருஷத்து அடுக்குமாடி உரிமைச் சட்டம் வழிசெய்திருக்கிறது. நாங்கள் முதலில் பார்த்த கட்டடம் இரண்டு கிரவுண்டில் எட்டு ஃப்ளாட். பத்திரத்தில் ஒவ்வொன்றுக்கும் 560 சதுர அடி. வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு "நல்ல யு.டி.எஸ்." என்றார். நானும் எனக்கு ஏதோ புரிந்ததுபோல் "ரொம்ப நல்ல யு.டி.எஸ்." என்றேன். புடவைக்கடை பில்லையே இரண்டு தடவை கூட்டிப் பார்க்கிறவள் குறுக்கிட்டாள்: "சார், எட்டையும் கூட்டினா 4,480 தானே வருது? ரெண்டு கிரவுண்டுன்னா 4,800. பாக்கி 320 யார்கிட்ட?"

பாக்கி 320, நிலத்தின் பழைய சொந்தக்காரரிடம்; மொட்டை மாடி உரிமையோடு சேர்த்து. பத்திரத்தின் ஏழாம் பக்கத்தில் ஒரு வரி, சாதுவாக உட்கார்ந்திருந்தது. வக்கீல் அதற்கப்புறம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. எல்லா விளக்கமும் அவளுக்குத்தான்.

இன்னொரு கட்டடத்தில் நாலாவது மாடி. வெயில், காற்று, தென்னங்கீற்று, பனகல் பூங்காவின் பச்சை. விலையும் கொஞ்சம் சல்லிசு. நான் மனசுக்குள் ஊஞ்சல் மாட்டிவிட்டேன். வங்கியில் கடன் கேட்டால், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் மூன்று மாடிதான் இருக்கிறது என்றார்கள். நாலாவது மாடி காகிதத்தில் கிடையாது. நான் ஊஞ்சல் மாட்டியது ஆகாயத்தில். 2007 ஜூலை 1-க்கு முன் கட்டிய விதிமீறல் கட்டடங்களை வரன்முறைப்படுத்த நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-சி என்றொரு பிரிவு உண்டு, விண்ணப்பம் போட்டிருக்கிறோம் என்றார் தரகர். விண்ணப்பம் போட்டவர்கள் எல்லாருக்கும் அனுமதி கிடைத்துவிட்டதாக அர்த்தமில்லை. வங்கி கடன் தர மறுத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அதைவிட நல்ல சட்ட ஆலோசனை இலவசமாகக் கிடைக்காது. ஆனால் வங்கியின் வக்கீல் சரி என்றுவிட்டார் என்பதற்காக உங்கள் வக்கீலை நிறுத்திவிடவும் வேண்டாம். அவர் வங்கியின் பணத்தைத்தான் காக்கிறார்.

வாஸ்துவைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு நம்பிக்கை இல்லை. ஈசானிய மூலையில் கழிப்பறை இருந்த ஃப்ளாட் ஒன்று ஏழெட்டு லட்சம் குறைச்சலுக்கு வந்தபோது, பகுத்தறிவுக்கு இப்படி ஒரு தள்ளுபடியா என்று மகிழ்ந்தேன். "நாளைக்கு விக்கணும்னா, உங்களை மாதிரி இன்னொருத்தரைத் தேடணுமே" என்றாள் மனைவி. என்னை மாதிரி இன்னொருவர் கிடைப்பது கஷ்டம் என்று அவள் சொன்னதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள முயன்றேன்.

கடைசியில் அமைந்தது ஒரு மாமியின் ஃப்ளாட். பிள்ளைகள் நியூஜெர்ஸியில், இவரும் அங்கே போகிறார். தரகர் பக்கத்திலேயே நின்றும், மாமி வாயை மூடவில்லை. "பால்கனில துணி காயாது, கேட்டுக்கோங்கோ. மேடைல அந்த ரெண்டாவது டைல்ஸ் கழண்டு வரும், அழுத்தித் தேய்க்கப்படாது. ராத்திரி மோட்டார் போட்டா தலைமாட்டுல சத்தம் கேக்கும்." தரகர் கூரையைப் பார்த்தார். என் மனைவி மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் தண்ணீரில் தொடங்கினாள்: மெட்ரோ தண்ணீர் எத்தனை மணிக்கு, சம்ப் எத்தனை லிட்டர், போர் எத்தனை அடி, 2019-ம் வருஷத்து வறட்சியில் லாரி வாங்கினீர்களா, காசை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்தீர்களா, தலைக்கு இவ்வளவு என்றா. நான் முதல் வீட்டில் திறந்து பார்த்த குழாய் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் சொன்னது. எங்கிருந்து, யார் காசில் வருகிறது என்று இவள்தான் கேட்டாள். கார் நிறுத்துமிடம் கட்டடத்துக்குப் பொது; அதைத் தனிச் சரக்காகக் கட்டடக்காரர் விற்க முடியாது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்று நான் படித்ததை எடுத்துவிட்டேன். "உங்ககிட்ட கார் இருக்கா?" என்றார் மாமி. இல்லை.

பத்திரங்கள் வந்தன. தாய்ப்பத்திரத்தை வக்கீல் மடியில் வைத்துக்கொண்டு வாசித்தார். நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று பூமிக்கு மேலும் கீழும் உள்ள சகலத்தையும் அந்தக் காலத்துக்காரர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் கட்டடத்துக்கு அடியில் புதையல் கிடைத்தால் எனக்கும் ஒரு பங்கு வருமா என்று கேட்டேன். "முதல்ல வில்லங்கம் பார்ப்போம்" என்றார். முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டார். அதில் பதிவானது மட்டும்தான் தெரியும். பதியாத உயிலும் வாய்வழி ஒப்பந்தமும் நீதிமன்றத்தில் தூங்கும் வழக்கும் தெரியாது. நிலம் பழைய குடும்பச் சொத்து. பாகப்பிரிவினையில் நாலு அண்ணன் தம்பிகள் கையெழுத்து, ஒரு தங்கை கையெழுத்து. வாரிசுச் சான்றிதழில் இரண்டு தங்கைகள். இன்னொரு தங்கையின் விடுதலைப் பத்திரம் திருச்சியில் பதிவாகியிருந்தது பிற்பாடு அகப்பட்டது. அதுவரைக்கும் நான் முன்பின் பார்த்திராத அந்தத் திருச்சி அத்தையின் ஆரோக்கியத்துக்காகத் தினமும் கவலைப்பட்டேன். பவர் பத்திரத்தை மட்டும் காட்டி "இதுவே கிரயம் மாதிரிதான்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பவர் பத்திரத்தால் சொத்து கைமாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. முன்பணத்தில் இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதும் வருமான வரிச் சட்டப்படி கூடாது. "ஒயிட்டு எவ்வளவு, பிளாக்கு எவ்வளவு?" என்று கேட்ட தரகரிடம், எனக்கு இரண்டிலுமே போதாது என்றேன்.

பணக் கணக்குக்கு வருவோம். வீட்டு விலையைச் சேர்த்து வைத்தவன் வீடு வாங்கத் தயார் என்று நினைத்திருந்தேன். மறுவிற்பனை ஃப்ளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மாமியின் ஃப்ளாட்டும் அதே ஒரு கோடியே பத்து லட்சம் என்பதால் எங்களுக்கு 9 லட்சத்து 90 ஆயிரம். கட்டடக்காரரிடம் புது ஃப்ளாட்டை முதல் கையாக வாங்குகிறவர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து குறைத்திருக்கிறார்கள்: 50 லட்சம் வரை மொத்தம் 6, மூன்று கோடி வரை 7 சதவீதம். பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் ஒரு சதவீதம் சலுகை என்று செய்தி படித்ததும் துள்ளிக் குதித்தேன். பத்து லட்சம் ரூபாய்க்குட்பட்ட சொத்துக்கு மட்டும். நாங்கள் வாங்கும் விலையில் பத்து லட்சத்துக்குத் தொண்ணூறு சதுர அடி வரும். குளியலறையும் அதற்கு வெளியே வரிசையில் நிற்க இடமும். சலுகை இல்லாவிட்டாலும் பத்திரத்தில் அவள் பெயர்தான் முதலில் என்பது அவளாலேயே ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. சொத்து 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குத் தரும் பணத்தில் ஒரு சதவீதத்தை நாம் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். தி.நகரின் பழைய ஃப்ளாட்களில் பாதிக்குச் சொந்தக்காரர் அமெரிக்காவில். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் பிடித்தம் எக்கச்சக்கமாக ஏறும். பிடிக்காமல் விட்டால் நம் கழுத்துக்கு வரும். ஆடிட்டரைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மாமி இன்னும் விமானம் ஏறவில்லை, எங்களுக்கு ஒரு சதவீதத்தோடு போயிற்று.

கடன் 60 லட்சம், எட்டரை சதவீதம், இருபது வருஷம். மாதத் தவணை 52,069 ரூபாய். முதல் மாதத் தவணையில் 42,500 வட்டிக்கே போய், அசலில் குறைந்தது 9,569. ஒரு மாதம் பூரா உழைத்துச் சமையலறையில் ஒரு சதுர அடி மீட்டிருக்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். "அந்த ரெண்டாவது டைல்ஸா?" என்றாள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் தனிநபருக்கு அபராதம் கிடையாது. போனஸ் வந்தால் அங்கே போடுங்கள். எனக்கு போனஸ் வந்தது. அவள் பட்டு எடுத்தாள். அவள் சம்பாதித்துக் கொடுத்த 320 சதுர அடி ஞானத்துக்கு அது சல்லிசு.

பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் காமிரா முன் உட்கார வைத்து, கைரேகை எடுத்து, "சார், இங்க பாருங்க" என்றார்கள். நான் வேறெங்கோ பார்த்தேன். அந்த முகம் இனி என் வம்சம் உள்ளவரை பத்திரத்தில் இருக்கும். சொத்து வரி, மெட்ரோ தண்ணீர், மின் இணைப்பு, பட்டா எல்லாவற்றுக்கும் பெயர் மாற்றம் தனித்தனியாக எழுதிப் போட வேண்டும். சாவி வாங்கியதும் வேலை முடிந்தது என்று நாற்காலியில் சாய்கிறவர்களுக்குப் பழைய சொந்தக்காரர் பெயரிலேயே ரசீது வந்துகொண்டிருக்கும்.

குடியிருப்போர் சங்கத்திடம் 'பாக்கி இல்லை' என்று கடிதம் வாங்கச் சொல்லியிருந்தார் வக்கீல். வாங்கினேன், மாமி பாக்கி வைக்கிற ஆளில்லை. குடிபோன மாதமே சங்கக் கூட்டம். படித்தவர், பொறுமைசாலி என்றெல்லாம் பேசி, ஒரே குரலில் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். பழைய செயலாளர் அன்று ராத்திரியே ஒரு மஞ்சப்பையைக் கொடுத்துவிட்டு, படுத்தால் தூக்கம் வரும்போலிருக்கிறது என்று சொல்லி இறங்கிப் போனார். பையில் மோட்டார் அறைச் சாவி, ரசீதுப் புத்தகம், நின்றுபோன லிஃப்டின் பராமரிப்பு பில், தண்ணீர் லாரிக்காரருக்குத் தர வேண்டிய பதினெட்டாயிரம். ஃப்ளாட்டின்மேல் சங்கத்துக்குப் பாக்கி உண்டா என்று கேட்டவன், சங்கத்தின்மேல் ஊருக்குப் பாக்கி உண்டா என்று கேட்கவில்லை. நீங்கள் கேட்டுவிடுங்கள். எங்கள் கட்டடத்தில் கேட்கப் போகிறீர்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். அன்றைக்குத்தான் லாரிக்காரரும் வருகிறார்.